பின்சீட்டுத் தொட்டில்

பின்னால் வேண்டாம் தம்பி, முன்னால் ஏறுங்கள். பின்னால் நாய் படுத்திருக்கிறது. பக்கத்தில் பாதிச் சீட்டு காலியாகத்தானே கிடக்கிறது என்று பார்க்கிறீர்கள். அது காலி இல்லை. முன்னால் ஏறுங்கள். கதவை மெதுவாகச் சாத்துங்கள், அடித்துச் சாத்தினால் முழித்துக்கொள்ளும்.

தூத்துக்குடிதானே? நானும் அங்கேதான் போகிறேன். இந்த நேரத்துக்கு எட்டயபுரம் விலக்கில் எந்த பஸ்காரனும் நிறுத்தமாட்டான். முப்பது வருஷம் லாரியில் இந்த ரோட்டைத் தேய்த்தவன் சொல்கிறேன். கை காட்டாத ஆளை ஏன் ஏற்றினேன் என்று யோசிக்கிறீர்களா? ஒரு காரியம் இருக்கிறது. ஊர் நெருங்கும்போது சொல்கிறேன். பயப்படாதீர்கள், பெரிய காரியம் இல்லை. எனக்கு இரண்டு கை வேண்டும், அவ்வளவுதான்.

வண்டிக்குள் நாய் வாடை அடிக்கிறதா? அடிக்காது. மூக்கை வைத்து நன்றாக இழுத்துப் பாருங்கள். ஒன்பது வருஷமாக இந்த நாய் இதில் ஏறி இறங்குகிறது. ஒரு முடி பார்க்க முடியாது. கன்னி என்று ஒரு வேட்டை நாய் ஜாதி, அதற்கு முடி குட்டை. குட்டை முடி ஊசி மாதிரி துணிக்குள் இறங்கிவிடும், துடைப்பத்துக்கு வராது. ரப்பர் கையுறை போட்டு, தண்ணீரில் நனைத்து, ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். சுருண்டு வந்துவிடும். ஏற்றுவதற்கு முன்னால் மூன்று மணி நேரம் சோறு வைக்கக் கூடாது. நகத்தை வெட்டிவிட வேண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்க வேண்டும், அதற்கு மேல் இறக்கினால் தலையை நீட்டும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் மூன்றாம் வகுப்பு. நானே கண்டுபிடித்ததுதான்.

என் பெயர் கொம்பையா. கோவில்பட்டி. நாயின் பெயர் ராக்கு. பொட்டை. பதினோரு வயசு. பின்னங்கால் இரண்டும் போய்விட்டது. டாக்டர் போன வாரம் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஊசி போட்டு அதைச் சித்திரவதை செய்ய வேண்டாம், பிரியமானவர்கள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் போகிறேன். அதற்குப் பிரியமான ஆள் தூத்துக்குடியில் இருக்கிறது.

என் மகள் சீனியம்மாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் தம்பி. கன்னி நாய் வளர்ப்போம், ஆனால் விற்கமாட்டோம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பெண்ணோடு ஒரு பொட்டைக் குட்டியை அனுப்புவோம். என் அக்காவுக்கு அனுப்பினார்கள். என் அத்தைக்கு அனுப்பினார்கள். போகிற இடத்தில் பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்த முகம் ஒன்று வேண்டாமா, அதற்காக. சீனிக்கு ராக்கை அனுப்பினேன். அப்போது அது இரண்டு மாதக் குட்டி. கல்யாணப் பட்டுச் சேலை மடியில் உட்கார்ந்து போய், அந்தச் சேலையிலேயே மூத்திரம் பெய்துவிட்டது. மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தான். சீனி சிரித்தாள். அவன் சுளித்ததை நான் பார்த்தேன். பார்த்து அன்றைக்கே மனசில் வைத்துக்கொண்டேன். நான் எதையும் மறக்கமாட்டேன் தம்பி, அது என் குணம். மாப்பிள்ளை பெயர் சங்கரேஸ்வரன். அருப்புக்கோட்டைக்குப் பக்கம். மெயின் ரோட்டு விலக்கிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். மருந்துக் கடை வைத்திருந்தான். வெள்ளைச் சட்டைதான் போடுவான். நல்ல இடம் என்றார்கள் எல்லாரும். நானும் என்றேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் இந்த வண்டியை எடுத்தேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். முப்பது வருஷம் நான் உட்கார்ந்ததெல்லாம் அடுத்தவன் வண்டி. லாரி சீட்டில் ஸ்பஞ்சு பிய்ந்து கம்பி குத்தும். சாக்கை மடித்துப் போட்டு உட்காருவோம். கோடையில் அந்தச் சாக்கு முதுகில் ஒட்டிக்கொண்டு உரியும். எனக்கு முந்தி ஓட்டியவன் வேர்வை, அவனுக்கு முந்தி ஓட்டியவன் வேர்வை, எல்லாவற்றின் மேலும் நான். ஓய்ந்து வந்த பிறகு ஒரே ஓர் ஆசை. யாரும் உட்காராத சீட்டில் நான் முதலில் உட்கார வேண்டும். எடுத்துவிட்டேன். வாடகைக்கு ஓட்ட இல்லை, சும்மா உட்காரத்தான். கம்பெனியில் சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவார்கள் இல்லையா, நான் அதைப் பிய்க்கவில்லை. கடைக்காரப் பையன், "பிச்சிரலாமா சார்?" என்றான். "தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றேன். உட்கார்ந்தால் நறநற என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

வண்டி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சீனி போன் பண்ணினாள்.

மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா" என்றாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். மாமியார் எப்போதும் அவள் பக்கத்திலேயேதான் இருப்பாள்.

"அப்பா, அதுக்கு இங்க ஒத்துவரலப்பா."

"எதுக்கு?"

அப்புறம் சொன்னாள், "அதுக்குத்தாம்ப்பா. சரியாச் சாப்பிடுறதில்ல. ராத்திரி பூரா முழிச்சே கெடக்கு. வெளியவே விடுறதில்ல, வாசல்ல நின்னாக்கூடச் சத்தம் போடுறாங்க. குடிச்சிட்டு வந்தா அடிக்காருப்பா. வந்து கூட்டிட்டுப் போயிருங்கப்பா."

"எதை? ராக்கையா?"

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சத்தம் நின்றது. அப்புறம் சீனி சொன்னாள்.

"ஆமாப்பா. ராக்கைத்தான்."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கிறீர்களா! ஒரு வாயில்லாத சீவனை ஒருத்தன் குடித்துவிட்டு அடிப்பானா? பெண்ணோடு கொடுத்த நாய் என்றால் அந்த வீட்டுக்கு அது மகள் மாதிரி. நான் போனிலேயே கத்தினேன். "அவன் கையை முறிக்கேன். வாயில்லாத சீவன்மேல கை வைக்கானா? நான் வந்து கூட்டிட்டு வந்திருதேன், நீ கவலப்படாத" என்றேன். "சீக்கிரம் வாங்கப்பா" என்றாள்.

இதில் என்ன தப்பு தம்பி? அவள் நாயைச் சொன்னாள். நான் நாயைத்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இதற்கு மேல் ஒரு தகப்பன் எப்படிக் கேட்பான்?

ஆனால் நாயை எதில் ஏற்றிக்கொண்டு வருவது? அதைச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏற்றமாட்டான். வளர்ந்த நாயைப் புது வண்டியில் ஏற்றினால் சீட்டு என்ன ஆகும்? அந்தப் பிளாஸ்டிக் உறை நகம் பட்டால் தாங்குமா? நாய்க்கும் ஆகாது, வழுக்கும். வளைவில் திருப்பினால் சறுக்கிக் கீழே விழும். அதனால் காஜா மைதீனிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சீட்டு தைக்கிறவர். லாரி நாளிலிருந்து பழக்கம். அவர்தான் யோசனை சொன்னார். தார்ப்பாயைப் பின்சீட்டுத் தலையணையில் கட்டி, அப்படியே கீழே தொங்கவிட்டு, முன்சீட்டுத் தலையணையில் ஏற்றிக் கட்டிவிட்டால் தொட்டில் மாதிரி நிற்கும். கால் வைக்கிற பள்ளத்தில் விழாது. வாந்தி எடுத்தாலும் தார்ப்பாயோடு போகும். அதன்மேல் பழைய ஜமக்காளம், நகம் பிடித்து நிற்க. கதவுப் பக்கமும் மடித்துத் தைத்தால் நான்கு பக்கமும் அடைப்பு.

நல்ல யோசனை. காஜா அளவெடுத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, முழுக்க அடைச்சிட்டா ஆள் உக்கார எடம்?"

"ஆள் யாரு வாரா? நாய்தான் வருது" என்றேன்.

அதோடு விட்டுவிட்டார். அதற்குத்தான் நான் அவரோடு ஒன்பது வருஷம் பேசவில்லை. ஏன் விட வேண்டும்? தொழில் தெரிந்த மனுஷன், எதற்கும் ஒரு ஓரத்தில் இடம் இருக்கட்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? அவர் கடை இருக்கிற தெருவுக்குள்ளேயே நான் போவதில்லை. சுற்றித்தான் போவேன்.

தைத்து முடிக்க எட்டு நாள் ஆயிற்று. முதல் தையலில் ஒரு பக்கம் தொய்ந்தது, பிரித்துத் தைக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் சீனி மறுபடி போன் பண்ணினாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "எப்பப்பா வருவீங்க?" என்றாள். "தொட்டில் தச்சுக்கிட்டு இருக்குடா, ராக்குக்கு ஒரு கீறல் படாமக் கொண்டாந்திருவேன் பாரு" என்றேன். "தொட்டிலாப்பா?" என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அந்தக் குருக்குச்சாலை வரட்டும், ஒரு டீ குடிக்கலாம். இல்லை, வேண்டாம். நிறுத்தினால் ராக்கு வீடு வந்துவிட்டது என்று தலையைத் தூக்கும். போய்விடுவோம்.

ஒன்பதாம் நாள் காலையில் போனேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் உள்ளேயிருந்து ராக்கு பாய்ந்து வந்தது பாருங்கள், என் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்து நக்குகிறது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு அடி இல்லை. ஒரு தழும்பு இல்லை. விலா எலும்பு தெரியாமல் கொழுகொழு என்று இருக்கிறது. கன்னி நாய்க்கு விலா தெரிய வேண்டும் தம்பி. தெரியவில்லை என்றால் அளவுக்கு மேல் சோறு விழுகிறது என்று அர்த்தம். யாரோ தன் தட்டுச் சோற்றையும் சேர்த்து அதற்குப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லியிருக்கிறாளே! இதற்காகவா எட்டு நாள் தூங்காமல் கிடந்தேன்? மாப்பிள்ளையின் கையை முறிக்கிறேன் என்று வேறு கத்தினேன். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தான். மாமியார் நிலைப்படியில் நின்றாள். அவள் முன்னால் கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

சீனி வந்தாள். வெயில் காலம், சேலைக்கு முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை. மேலே ராக்கின் அலுமினியத் தட்டு இருந்தது. "என்னம்மா இது?" என்றேன். "ராக்கோட சாமான்ப்பா" என்றாள். மாமியார் எட்டிப் பார்த்தாள், தட்டுதான் தெரிந்தது.

கூடையை வாங்கி முன்சீட்டில் வைத்தேன், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில். ராக்கைத் தூக்கித் தொட்டிலில் விட்டேன். சீனி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். நான்கு பக்கமும் பார்த்தாள். என் வேலையைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குப் பெருமை. "எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்குப்பா" என்றாள். பிறகு மெதுவாக, "பின்னாடி எடமே இல்லையாப்பா?" என்றாள்.

"எடம் எதுக்கு? அது நல்லா நீட்டிப் படுத்துக்கும்."

"தனியாப் போறதுக்கு அதுக்குப் பயமா இருக்கும்ப்பா. வெலக்கு வரைக்கும் நானும் வாரேன். அங்க எறக்கி விட்ருங்க."

மாமியார்கூடத் தடுக்கவில்லை தம்பி. நாயை வழியனுப்ப விலக்கு வரைக்கும் போகிறேன் என்றால் அவள் என்ன சொல்ல முடியும்? நான்தான் சொன்னேன்.

"எங்க உக்காருவ? தார்ப்பாயில உக்காந்தா தையல் பிரிஞ்சிரும். முன்னாடி கூடை இருக்கு. உஞ்சேலை பூரா நாய் முடி, பிளாஸ்டிக்குல ஒட்டிரும். வெயில்ல எதுக்கு ரெண்டு கிலோமீட்டர் திரும்பி நடக்கப் போற? உள்ள போம்மா."

கதவிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கண்ணாடியில் அவள் கை பட்ட இடம் ஐந்து விரலும் பதிந்திருந்தது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பழக்கம் தம்பி. புது வண்டி. யாராக இருந்தாலும் துடைத்திருப்பேன்.

வழியில் ராக்கு வாந்தி எடுத்தது. தொட்டில் ஒரு சொட்டு விடவில்லை. அவ்வளவு நல்ல தையல். ஆனால் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தது. பின் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டது. நாய்தானே, கொஞ்ச தூரம் போனால் அடங்கும் என்று இருந்தேன். அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் பெஞ்சாதி வேலுத்தாய் கூடையைப் பிரித்தாள். தட்டு. அதற்குக் கீழே ஒரு பழைய துண்டு. துண்டுக்குக் கீழே சீனியின் இரண்டு சேலை. உள்பாவாடை. ஓட்டு அட்டை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மடங்காமல் வைத்த காகிதம். வேலுத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாய்க்கு எதுக்குய்யா பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டு?" என்றாள்.

"தெரியாம வச்சிருப்பா" என்றேன்.

"திருப்புய்யா வண்டிய. இப்பமே திருப்பு. போய் எம்பிள்ளையக் கூட்டியா" என்று கத்துகிறாள். அவள் கத்தினால் எனக்குப் பிடிக்காது. நல்ல விதமாகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். தார்ப்பாய் பூராவும் வாந்தி. அப்படியே ஒரு மனுஷியை ஏற்ற முடியுமா? கழுவ வேண்டும். கழுவினால் காய வேண்டும். மறுநாள் வெயிலில் போட்டேன். தையல் வழியாக ஈரம் இறங்கியிருந்தது, அதற்கு இன்னொரு நாள். மூன்றாம் நாள் போனேன். போனேன் தம்பி. போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தார்ப்பாயை ஒரு பக்கம் அவிழ்த்து ஒதுக்கிவிட்டுத்தான் போனேன்.

வாசலில் மாப்பிள்ளை நின்றான். "ஒங்க மக ஒங்க வீட்லதான இருக்கா? நாயக் கூட்டிட்டுப் போற மாதிரி வந்து அவளையும் ரகசியமா வரச் சொல்லிட்டீங்கல்ல?" என்றான். அப்போதுதான் தெரியும். முந்தின நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருக்கிறாள். வரிசையில் நின்று குடத்தை நிறைத்து, ஓரமாக வைத்துவிட்டு, விலக்கு வரைக்கும் நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். கட்டின சேலையோடு. நான் போகும்போது குடம் குழாயடியில்தான் இருந்தது. தண்ணீர் தளும்பி நின்றது. யாரும் எடுக்கவில்லை.

தூத்துக்குடியில் கூடப் படித்த பிள்ளை ஒருத்தி இருந்தாள், அங்கே போயிருக்கிறாள். இந்த ரோட்டில்தான் அந்த பஸ் வந்திருக்கும். நீங்கள் நின்றீர்களே, அதே எட்டயபுரம் விலக்கு. அங்கே இறங்கி ஒரு கோவில்பட்டி பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் எங்கள் வீடு. இறங்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பன் வீட்டு விலக்கு வந்தும் ஒருத்தி இறங்காமல் போவாளா? அப்படி என்ன நான் செய்துவிட்டேன்?

நேராகச் சொல்ல வேண்டியதுதானே. "என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று மூன்று வார்த்தை. அவள் நாய் என்றாள். நான் நாய் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அவ்வளவுதான் தெரியும். சொல்கிறவள் சரியாகச் சொல்ல வேண்டாமா?

கோர்ட்டு கேஸெல்லாம் பிறகு முடிந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். வேலுத்தாய் மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பஸ்ஸில்தான் போவாள். இந்த வண்டியில் அவள் ஏறுவதில்லை, ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட. வந்ததும் ராக்கிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுவாள். சீனிக்குச் சளி பிடித்திருக்கிறது, சீனி புது மூக்குத்தி போட்டிருக்கிறாள், சீனி உன்னைக் கேட்டாள் என்று. நாயிடம்தான் சொல்லுவாள். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொள்வேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழகிவிட்டது. யாருக்கு எது சொல்ல வேண்டும் என்றாலும் ராக்கிடம் சொல்லிவிட்டால் போதும்.

நான் ராக்கை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போவேன். அது அந்தத் தொட்டிலில் ஏறிப் பின் கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்காரும். ஒரு நாள்கூட என் பக்கம் திரும்பி உட்கார்ந்ததில்லை. இப்போது அது படுத்திருக்கிற சேலையைப் பாருங்கள், ஊதாப் பூப்போட்டது. கூடையில் வந்த சேலைகளில் ஒன்று. வேலுத்தாய் மற்றதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதை மட்டும் ராக்கு விடவில்லை.

போன வாரம் டாக்டர் சொன்னதும் வேலுத்தாய் சீனிக்குப் போன் பண்ணினாள். எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்துப் பேசினாள். ஒன்பது வருஷம் கழித்து அவள் குரலைக் கேட்டேன். கனத்துப்போயிருக்கிறது. "கொண்டாரச் சொல்லும்மா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அப்புறம், "அவரு எறங்க வேண்டாம். யார்கிட்டயாவது குடுத்து விடட்டும். நாயை மட்டும்" என்றாள்.

நாயை மட்டும்.

"நீயும் வாயேன்" என்று வேலுத்தாயைக் கூப்பிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "நீருதான கூட்டிட்டு வந்தீரு. நீரே கொண்டுபோய் விடும்" என்றாள்.

நேற்று காஜா கடைக்குப் போனேன். ஒன்பது வருஷம் கழித்து அந்தத் தெருவுக்குள். தாடி வெளுத்துவிட்டது மனுஷனுக்கு. தார்ப்பாயை அவிழ்த்து அவர் முன்னால் போட்டு, "இதைப் பாதியா வெட்டித் தச்சுக் குடும்" என்றேன். ஏன், எதற்கு, எங்கே போயிருந்தீர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு ஆளா, ரெண்டு ஆளா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு ஆள்" என்றேன்.

தைத்துக்கொண்டு வந்து, அந்தப் பாதியில் கம்பெனிப் பிளாஸ்டிக்கையும் பிய்த்தேன். மஞ்சளாகி மொறுமொறு என்று நொறுங்கியது. உள்ளே சீட்டைப் பார்த்தால், தம்பி, எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரி அப்படியே இருக்கிறது. ஒரு கறை இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. யாருமே உட்காரவில்லையே, எப்படி இருக்கும்?

மூணாம் மைல் வந்துவிட்டோம். இந்தச் சந்துதான். வேலுத்தாய் அடையாளம் சொல்லி அனுப்பினாள், பச்சைக் கேட்டு, வேப்பமரம். அதோ. நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்தில் போனால் நான் இறங்கிவிட்டேன் என்று நினைப்பாள்.

இதுதான் தம்பி அந்தக் காரியம். ராக்கைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கேட்டில் கொடுக்க வேண்டும். கடிக்காது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியில், ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். பின்னங்காலைத் தொங்கவிடாதீர்கள், வலிக்கும். சேலையோடு சேர்த்தே தூக்குங்கள். உங்கள் சட்டையில் முடி ஒட்டும், அதை நான் எடுத்துத் தருகிறேன்.

கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். ஒன்று சொல்ல வேண்டும். என்ன சொல்லலாம் என்று கோவில்பட்டியிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். அப்பா வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டாம், அது அவளுக்கே தெரியும். மன்னித்துவிடு என்றும் சொல்ல வேண்டாம். நான் தப்புப் பண்ணவில்லையே, அவள்தானே நாய் என்றாள். ஒன்று செய்யுங்கள். "பின்னாடி எடம் இருக்கு" என்று சொல்லுங்கள். "அதுக்கு எடம் இருக்கு" என்று சொல்லுங்கள். அதுக்கு என்றே சொல்லுங்கள் தம்பி, பெயர் சொல்ல வேண்டாம். அவளுக்குப் புரியும்.

போங்கள். பார்த்து. தலை, தலை. வாடி ராக்கு. போ. போயிட்டு வா.

என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்கள்? கொடுத்துவிட்டீர்களா? வாங்கிக்கொண்டாளா? நான் பார்த்தேன், இங்கேயிருந்து முதுகுதான் தெரிந்தது. ராக்கு அவள் முகத்தை நக்கிற்றா? வாலை ஆட்டிற்றா? ஆட்டியிருக்கும், வால் நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்குத் தலை நரைத்திருக்கிறதா? சரி, அதை விடுங்கள். சொன்னீர்களா? நான் சொன்ன மாதிரியே சொன்னீர்களா?

என்ன சொன்னாள்?

"அதுக்கு அங்க ஒத்துவராதுன்னு சொல்லிருங்க" என்றாளா. அதே வார்த்தையா? அதுக்கு என்றா சொன்னாள்?

எதை? ராக்கையா?

நீங்கள் கேட்கவில்லையா, எதைச் சொல்கிறாய் என்று? கேட்டிருக்கலாமே தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

நாயைத்தான் சொல்லியிருப்பாள். ஆமாம். வயசான நாய், பின்னங்கால் வேறு இல்லை, திரும்ப இவ்வளவு தூரம் வண்டியில் வந்தால் அதற்கு ஒத்துவராது. அதைத்தான் சொல்லியிருப்பாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

வாருங்கள், உங்களைப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறேன். அந்தக் கதவு இல்லை தம்பி. நாய் இறங்கிவிட்டதுதான், தெரியும். இருந்தாலும் பின்னால் வேண்டாம். முன்னாலேயே ஏறுங்கள்.